மாலகா: நேரம் பார்த்துச் சுற்ற வேண்டிய ஊர் (முழுமையான வழிகாட்டி)

ஸ்பெயினின் தென்கரையில் கோஸ்தா தெல் சோல் எனப்படும் கடலோரம் முழுவதற்கும் விமான நிலையம் மாலகாவில்தான் இருக்கிறது. அதனாலேயே ஏராளமானோர் இங்கே வந்து இறங்கி, பெட்டியை இழுத்துக்கொண்டு நேராகத் தோரெமோலினோஸுக்கோ மார்பெய்யாவுக்கோ போய்விடுகிறார்கள். மாலகாவை ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. இது பெரிய இழப்பு. ஃபினீசிய வணிகர்கள் தொடங்கி, ரோமானியர், முஸ்லிம் அரசர்கள், கத்தோலிக்க அரசர்கள் என்று ஏறக்குறைய 2800 ஆண்டுகள் மனிதர் விடாமல் வாழ்ந்த துறைமுக நகரம் இது. பிக்காசோ பிறந்ததும் இங்கேதான்.

பழைய நகரம் சிறியது. முக்கியமான இடங்கள் எல்லாம் நடக்கும் தூரத்தில் இருக்கின்றன. அதனால் வழி தெரியாமல் யாரும் இங்கே திண்டாடுவதில்லை. திண்டாட்டம் எல்லாம் நேரத்தில்தான். நண்பகல் வெயிலில் கோட்டை ஏறுவது, மாலை ஆறு மணிக்கு இரவு உணவு தேடுவது, திங்கட்கிழமை பார்த்து அருங்காட்சியகம் போவது: இப்படித்தான் பயணம் கெடுகிறது. எனவே கீழே உள்ள ஒவ்வொரு படியிலும் எந்த நேரத்தில் எங்கே இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதல் படி: மாதத்தை முடிவு செய்யுங்கள்

வடக்கே உள்ள மலைகள் குளிர்காற்றைத் தடுத்துவிடுவதால் டிசம்பர், ஜனவரியில்கூடப் பகல் வெப்பம் 16, 17 டிகிரி இருக்கும். நடந்து சுற்ற அது அருமையான காலம். கடலில் குளிக்க முடியாது, அவ்வளவுதான். ஜூலை, ஆகஸ்டில் பகலில் 30 டிகிரியைத் தாண்டும். உள்நாட்டிலிருந்து ‘தெர்ரால்’ என்ற வறண்ட அனல்காற்று வீசும் நாட்களில் 40 வரைகூடப் போகும். அன்றைக்கு மாலை வரை வெளியே சுற்றாமல் இருப்பதே நல்லது.

ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் நடுப்பகுதி வரை, அப்புறம் செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் முடிய. என்னைக் கேட்டால் இந்த இரண்டும்தான் சரியான காலம். கடல் குளியல் முக்கியம் என்றால் செப்டம்பர். கோடை முழுக்கச் சூடேறிய தண்ணீர் அப்போதுதான் இதமாக இருக்கும். ஜிப்ரால்டர் நீரிணை வழியே அட்லாண்டிக் தண்ணீர் உள்ளே வருவதால், மத்தியதரைக் கடலின் மற்ற கரைகளைவிட இங்கே கடல் குளிர்ச்சிதான். மேற்கிலிருந்து ‘போனியெந்தே’ காற்று வீசினால் ஆகஸ்டிலும் கால் வைத்ததும் சிலிர்க்கும்.

இரண்டு வாரங்களைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று, ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரம். நூற்றுக்கணக்கானோர் தோள் கொடுத்துச் சுமக்கும் பிரம்மாண்டமான ‘த்ரோனோ’க்களில் இயேசுவின் சிலைகளும் மாதாவின் சிலைகளும் இரவெல்லாம் ஊர்வலம் போகும். மாலகாவில் பிறந்த நடிகர் அந்தோனியோ பந்தேராஸ் அதில் பங்கேற்பது ஊருக்கே பழக்கமான காட்சி. இன்னொன்று ஆகஸ்ட் நடுவில் வரும் ஃபேரியா. பகலில் நகர மையத்திலும் இரவில் நகருக்கு வெளியே உள்ள திடலிலும் ஒரு வாரத்துக்கும் மேலாக நடக்கும் திருவிழா. இரண்டுமே பார்க்க வேண்டியவைதான். ஆனால் அறைக் கட்டணம் எகிறும், தெருக்கள் அடைபடும். இவற்றுக்காகவே வருபவர்கள் பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்யட்டும்; மற்றவர்கள் இந்த வாரங்களைத் தவிர்க்கட்டும்.

இரண்டாம் படி: விசா, விமானம், நகருக்குள் வருதல்

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா, அதாவது ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா தேவை. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்தே விண்ணப்பிக்கலாம். கோடைக்கால நேர்காணல் இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும் என்பதால் கடைசி வாரம் வரை தள்ளிப்போடாதீர்கள். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்பீடு கட்டாயம்.

மாட்ரித்தில் இறங்கினால் அங்கிருந்து அதிவேக ரயிலில் இரண்டரை முதல் மூன்று மணி நேரத்தில் மாலகாவின் மரியா சம்ப்ரானோ நிலையத்துக்கு வந்துவிடலாம். நேரே மாலகா விமான நிலையத்தில் இறங்கினால், முனையத்துக்கு எதிரிலேயே செர்கானியாஸ் புறநகர் ரயில் நிலையம் இருக்கிறது. சி1 வண்டியில் ஏறுங்கள். சுமார் 20 நிமிடத்துக்கு ஒன்று வரும். கால் மணி நேரத்துக்குள் கடைசி நிறுத்தமான மாலகா சென்ட்ரோ அலமேதாவில் இறங்கினால் பழைய நகரம் பக்கத்திலேயே. கட்டணம் இரண்டு யூரோ அளவில்தான் இருக்கும். இதே தடத்தின் எதிர்த் திசை வண்டி ஃபுயென்ஹிரோலாவுக்குப் போகும். நடைமேடையில் பலகையைப் பார்த்து ஏறுங்கள். நள்ளிரவில் வந்து இறங்குகிறவர்களுக்கு ரயில் இருக்காது. பேருந்து அல்லது டாக்சிதான்.

மூன்றாம் படி: எங்கே தங்குவது

வரலாற்று மையத்தில் தங்கினால் எல்லாமே காலடியில். ஆனால் இரவு இரண்டு மணிக்கும் தெருவில் பேச்சும் சிரிப்பும் ஓயாது. தூக்கம் லேசானவர்கள் உள்முற்றம் பார்த்த அறையாகக் கேளுங்கள், அல்லது துறைமுகத்துக்கும் ஆற்றுக்கும் நடுவில் உள்ள சோஹோ பகுதியைப் பாருங்கள். குழந்தைகளோடு வருபவர்களுக்குக் கடற்கரையை ஒட்டிய மாலகெத்தா நல்லது. செலவைக் குறைக்க வேண்டும் என்றால் மரியா சம்ப்ரானோ நிலையத்தைச் சுற்றிப் பாருங்கள்; நகர மையம் அங்கிருந்து 20 நிமிட நடை. வெளியூர்ப் பயணங்களுக்கான ரயிலும் பேருந்தும் அங்கேதான் கிளம்புகின்றன.

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போக முடியாது. சுற்றுலாப் பயணிகளுக்கு விடும் குடியிருப்புகள் பெருகியதால் வாடகை ஏறி, ஊர்க்காரர்களே மையத்தில் வீடு பிடிக்க முடியாத நிலை வந்திருக்கிறது. 2024 ஜூனில் ஆயிரக்கணக்கானோர் இதற்காக மாலகா தெருக்களில் ஊர்வலம் போனார்கள். ஓட்டலிலோ விடுதியிலோ தங்குங்கள் என்பதே என் வேண்டுகோள். குடியிருப்புதான் வேண்டும் என்றால் அரசுப் பதிவு எண் உள்ளதா என்று பாருங்கள். இரவில் படிக்கட்டில் சத்தம் போடாதீர்கள். பக்கத்து வீட்டில் காலையில் வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

நான்காம் படி: முதல் நாள் காலை, மலையிலிருந்து கீழே

பெரும்பாலோர் கீழே அல்கசாபாவிலிருந்து தொடங்கி, மூச்சு வாங்கிக்கொண்டு ஹிப்ரல்ஃபாரோ கோட்டைக்கு ஏறுவார்கள். நீங்கள் தலைகீழாகச் செய்யுங்கள். காலை ஒன்பது மணி வாக்கில் பாசியோ தெல் பார்க்கே சாலையில் 35ஆம் எண் நகரப் பேருந்தைப் பிடித்தால் கோட்டை வாசலிலேயே இறக்கிவிடும்.

ஹிப்ரல்ஃபாரோவை 14ஆம் நூற்றாண்டில் கிரனாதாவின் அரசர் முதலாம் யூசுஃப் இன்றைய வடிவில் கட்டினார். உள்ளே அரண்மனை எதுவும் இல்லை. மதில்மேல் நடப்பதுதான் இங்கே அனுபவம்: ஒரு பக்கம் துறைமுகம், வட்டமான காளைச்சண்டை அரங்கு, அதற்கப்பால் கடல், மறுபக்கம் ஓட்டுக்கூரைகளும் மலைகளும். 1487இல் கத்தோலிக்க அரசர்களான ஃபெர்தினாந்தும் இசபெலும் இந்த ஊரை மூன்று மாதத்துக்கும் மேலாக முற்றுகையிட்டார்கள். பட்டினியால் நகரம் பணிந்தது. பிறகு அதன் மக்களில் பெரும்பாலோர் அடிமைகளாக்கப்பட்டார்கள். ஆகஸ்ட் ஃபேரியாவின் வேர் அந்த வெற்றியில்தான் இருக்கிறது. மதில்மேல் நிற்கும்போது இரு தரப்பையும் நினைத்துப் பார்ப்பது நியாயம்.

அங்கிருந்து பைன் மர நிழலில் கல் பாவிய பாதை இறங்குகிறது. சறுக்கும், நல்ல காலணி போடுங்கள். கீழே வந்தால் அல்கசாபா. 11ஆம் நூற்றாண்டு அரண்மனைக் கோட்டை. கிரனாதாவின் அல்ஹம்ப்ரா என்ற அரண்மனைக் கோட்டையைப் பார்த்தவர்கள் இதைச் சின்னது என்று ஒதுக்குவார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. வளைந்து வளைந்து போகும் நுழைவாயில்கள், குதிரைலாட வளைவுகள், தரையில் சின்ன வாய்க்காலில் ஓடும் தண்ணீர், ஆரஞ்சு மரம். கூட்டம் அதிகம் இல்லாத காலையில் அந்த நீரின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார முடிகிறது. ‘தூண்களின் வாயில்’ அருகே கொஞ்சம் நில்லுங்கள். அந்தத் தூண்கள் ரோமானியருடையவை.

அவை எங்கிருந்து வந்தன என்பதற்கு விடை வாசலைத் தாண்டியதும் கீழே தெரியும். ரோமானிய நாடக அரங்கு. அகஸ்டஸ் காலத்தில் எழுந்து, பின்னர் கைவிடப்பட்டு, மண்ணுக்குள் போய், 1951இல்தான் மீண்டும் வெளிப்பட்டது. அதன்மேல் கட்டியிருந்த கலாசார மாளிகையையே 1990களில் இடித்துவிட்டு அரங்கை முழுதாக வெளிக்கொண்டுவந்தார்கள். அனுமதி இலவசம்.

இரண்டு கோட்டைகளுக்கும் சேர்த்து ஒரே நுழைவுச்சீட்டு வாங்கினால் மிச்சம். ஞாயிறு பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் இலவசம், ஆனால் வரிசை நீளம். படி ஏற முடியாதவர்களுக்கு, நகராட்சிக் கட்டடத்துக்குப் பின்னால் அல்கசாபாவுக்கு ஒரு மின்தூக்கி இருக்கிறது.

ஐந்தாம் படி: பகலைக் கட்டடங்களுக்குள் கழியுங்கள்

கோட்டையிலிருந்து இறங்கும்போது மணி பதினொன்றரை, பன்னிரண்டு ஆகியிருக்கும். முதலில் அத்தாரசானாஸ் சந்தைக்குப் போய்விடுங்கள், அது பிற்பகலில் மூடிவிடும்; ஞாயிறு விடுமுறை. 14ஆம் நூற்றாண்டில் கப்பல் கட்டும் தளமாக இருந்த இடம் இது. அந்தக் காலத்துப் பளிங்கு வாயில் ஒன்று மட்டும் மிஞ்சியிருக்கிறது. அதைச் சேர்த்து வைத்து 1870களில் ஹோவாகின் ருகோபா இரும்புக் கட்டடம் எழுப்பினார். உள்ளே மீன், ஆலிவ், உலர்ந்த அத்தி, பாதாம், பின்சுவரில் ஊரின் காட்சிகளை வரைந்த வண்ணக் கண்ணாடி. சின்னச் சின்னக் கடைகளில் நின்றபடியே வறுத்த மீன் சாப்பிடலாம்.

பேராலயம் அடுத்தது. 1528இல் தொடங்கி 1782இல் பணத்தட்டுப்பாட்டால் நிறுத்திவிட்டார்கள். இரண்டு கோபுரங்களில் தெற்குக் கோபுரம் இன்றுவரை முடியவில்லை. அதனால் ஊர்க்காரர்கள் அதை ‘லா மங்கித்தா’, அதாவது ஒற்றைக்கைக்காரி என்று செல்லமாகக் கூப்பிடுகிறார்கள். உள்ளே பேத்ரோ தே மேனா செதுக்கிய மர இருக்கைகளில் உள்ள புனிதர்களின் முகங்களை அவசரப்படாமல் பாருங்கள். ஒவ்வொரு முகமும் வேறு வேறு மனிதர்.

அருங்காட்சியகங்கள் இந்த ஊரில் நிறைய. எல்லாவற்றுக்கும் போக வேண்டாம். பிக்காசோ அருங்காட்சியகம் கட்டாயம். 2003இல் பழைய புவெனாவிஸ்தா மாளிகையில் திறந்தார்கள். புகழ்பெற்ற பெரிய ஓவியங்களை இங்கே எதிர்பார்க்காதீர்கள். அவரது குடும்பத்தினர் கொடுத்த படைப்புகள்தான் இதன் அடித்தளம். மாணவப் பருவம் முதல் முதுமை வரை ஒரே மனிதர் எத்தனை முறை தன் கையை மாற்றிக்கொண்டார் என்பதை வரிசையாகப் பார்க்கலாம். நிலவறையில் ஃபினீசிய நகர மதிலின் எச்சங்களும் இருக்கின்றன. முன்பதிவு செய்துவிடுங்கள். 1881 அக்டோபர் 25 அன்று அவர் பிறந்த வீடு, ஐந்து நிமிட நடையில், மெர்செத் சதுக்கத்தில் இருக்கிறது. நேரம் குறைவென்றால் வீட்டை வெளியிலிருந்து பார்த்தால் போதும்.

அதிகம் பேர் நுழையாத இடம் ஒன்றைச் சொல்கிறேன். துறைமுகத்துக்கு எதிரே பழைய சுங்க மாளிகையில் 2016இல் திறந்த மாலகா அருங்காட்சியகம். முதல் மாடியில் 19ஆம் நூற்றாண்டு ஓவியங்கள், அதற்கு மேலே தொல்லியல். நுழைவுக் கட்டணம் மிகக் குறைவு, ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்கு இலவசம். வெயில் உச்சியில் இருக்கும் இரண்டு மணி நேரத்துக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. திங்கட்கிழமை மூடியிருக்கும். நவீன கலை அருங்காட்சியகமான பொம்பிது மையத்தின் வண்ணக் கண்ணாடிக் கனசதுரம் துறைமுகத்தில் உங்கள் கண்ணில் படும். அதற்கு விடுமுறை செவ்வாய்.

ஆறாம் படி: சாப்பாட்டு நேரமும் சாப்பாடும்

ஸ்பெயினின் கடிகாரம் சூரியனைவிட வெகுவாக முந்தி ஓடுகிறது. ஜூன் கடைசியில் இங்கே சூரியன் மறைய இரவு ஒன்பதரைக்கு மேல் ஆகும். அதனால் மதிய உணவு ஒன்றரைக்கு மேல், இரவு உணவு எட்டரைக்கு மேல். இடையில் பல சமையலறைகள் அடைத்திருக்கும். ஆறு மணிக்கே இரவுச் சாப்பாடு தேடினால் சுற்றுலாப் பயணிகளுக்கென்றே வைத்த மட்டமான கடைதான் கிடைக்கும். பசித்தால் ஐந்து மணி வாக்கில் காப்பியும் சுரோ என்ற பொரித்த மாவுப் பண்டமும் சாப்பிட்டுவிட்டுப் பொறுத்திருங்கள். அத்தாரசானாஸ் பக்கம் உள்ள காசா அராந்தா 1932 முதல் சுரோ பொரித்துக் கொடுக்கிறது.

காப்பிக்கு இந்த ஊரில் தனி அளவு முறை. பால் கலக்காதது ‘சோலோ’, பாதிக்குப் பாதி ‘மிதாத்’, பால் நிறைய காப்பி கொஞ்சம் ‘சோம்ப்ரா’, காப்பி ஒரு துளி மட்டும் என்றால் ‘நூபே’. நம் காப்பிப் பழக்கத்துக்கு ‘மிதாத்’ ஒத்துவரும். காலைச் சிற்றுண்டிக்கு ‘பித்துஃபோ’ என்ற சின்ன ரொட்டியை வாட்டி, அரைத்த தக்காளியும் ஆலிவ் எண்ணெயும் விட்டுத் தருவார்கள். எளிமையானது, மலிவானது, வயிற்றுக்கும் இதம்.

சைவ உணவுக்காரர்கள் கவனமாக இருக்க வேண்டும். ‘இறைச்சி இல்லாமல்’ என்று மட்டும் சொன்னால் பன்றித்தொடை இறைச்சித் துண்டுகளைத் தூவிக் கொண்டுவந்துவிடுவார்கள். சாலட் என்றால் பெரும்பாலும் சூரை மீன் இருக்கும். ‘சின் ஹமோன், சின் அத்துன்’ என்று இரண்டையும் பெயர் சொல்லித் தவிருங்கள். தைரியமாகக் கேட்கக்கூடியவை இரண்டு. ‘அஹோபிளாங்கோ’ என்பது பாதாம், பூண்டு, ரொட்டி, ஆலிவ் எண்ணெய் சேர்த்து அரைத்து, திராட்சை மிதக்கவிட்டுத் தரும் குளிர்ந்த சூப். வெயில் நாளில் அதற்கு ஈடு இல்லை. இன்னொன்று, கத்தரிக்காயை மெலிதாக நறுக்கிப் பொரித்து, மேலே கரும்புப் பாகு ஊற்றித் தருவது. அந்தப் பாகு மாலகா மாகாணத்தின் ஃப்ரிஹிலியானா கிராமத்தில் இன்றும் தயாராகிறது.

அசைவம் சாப்பிடுபவர்களுக்கு மாலகா என்றால் எஸ்பெத்தோ. மத்தி மீன்களை மூங்கில் போன்ற நாணல் குச்சியில் வரிசையாகக் குத்தி, உப்பு மட்டும் போட்டு, மணல் நிரப்பிய பழைய படகில் விறகு மூட்டி அதன் ஓரத்தில் சாய்த்துச் சுடுவார்கள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துக் குச்சியைத் திருப்புவதில்தான் கைப்பக்குவம் இருக்கிறது. மே முதல் ஆகஸ்ட் வரை மீனில் கொழுப்பேறி ருசி கூடும். முள்கரண்டி வேண்டாம், கையால் எடுத்துச் சாப்பிடுங்கள்.

ஏழாம் படி: மாலையைக் கடலுக்குக் கொடுங்கள்

நகரத்துக்கு மிக அருகில் உள்ளது மாலகெத்தா கடற்கரை. வசதியானது, கூட்டமானது. மணல் கருமை கலந்தது என்பதால் பகலில் கால் சுடும். முடிந்தால் இன்னும் கொஞ்சம் கிழக்கே போங்கள். 11ஆம் எண் பேருந்து பெத்ரெகலேஹோ வழியாக எல் பாலோ வரை செல்லும். இரண்டும் பழைய மீனவர் குப்பங்கள். தாழ்வான வீடுகள், அதற்கு முன்னால் கடற்கரை நடைபாதை, அதை ஒட்டியே எஸ்பெத்தோ படகுகள். மாலை ஆறரைக்குப் போய்க் குளித்துவிட்டு, துண்டை உலர வைத்துவிட்டு, ஒன்பது மணிக்கு அங்கேயே சாப்பிடுவதுதான் சரியான முறை. எல் பாலோவில் எல் தின்தேரோ என்ற கடையில் பரிமாறுகிறவர்கள் தட்டுகளை ஏந்திக்கொண்டு ஏலம் போடுவதைப்போல் கூவி வருவார்கள். வேண்டியதற்குக் கை தூக்கினால் போதும். கடைசியில் மேசையில் உள்ள தட்டுகளை எண்ணிப் பணம் வாங்குவார்கள். குழந்தைகளுக்கு நிச்சயம் பிடிக்கும்.

இன்னொரு மாலையை லாரியோஸ் தெருவுக்கு வையுங்கள். 1891இல் திறந்த, பளிங்கு பாவிய, வண்டி நுழையாத தெரு. கோடையில் அங்கே வெள்ளைச் சட்டை அணிந்தவர்கள் சப்பாத்திக்கள்ளித் தண்டில் ‘பிஸ்நாகா’ செருகி விற்பார்கள். மொட்டாக இருக்கும்போதே பறித்த மல்லிகையை, உலர்ந்த ஒரு காட்டுச்செடியின் காம்புகளில் ஒவ்வொன்றாகக் கோத்து உருண்டையாக்கியது அது. இரவில் மொட்டு அவிழும்போது, கோவில் வாசல் பூக்கடையைக் கடப்பதுபோல் தெருவே மணக்கும். விலை சில யூரோதான், ஒன்று வாங்குங்கள்.

பணப்பையை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். கடற்கரையிலும் நெரிசலான தெருக்களிலும் கைவரிசை காட்டுபவர்கள் உண்டு. கடவுச்சீட்டை அறையில் பூட்டிவிட்டு நகலோடு சுற்றுங்கள். அவசரத்துக்கு 112.

எட்டாம் படி: வெளியூர் போக ஒரு நாள்

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் காமினிட்டோ தெல் ரெய். கையிதானேஸ் பள்ளத்தாக்கின் செங்குத்துச் சுவரில், ஆற்றுக்குச் சுமார் 100 மீட்டர் உயரத்தில் பொருத்திய நடைபாதை. நீர்மின் நிலையத் தொழிலாளர்களுக்காக 1901 முதல் 1905 வரை போட்டது. 1921இல் 13ஆம் அல்ஃபோன்ஸோ அரசர் அங்கே வந்து நடந்ததால் ‘அரசரின் சிறுவழி’ ஆயிற்று. பின்னர் சிதைந்து, உயிர்களையும் வாங்கி, மூடப்பட்டு, புதிதாகப் பலகை அடித்து 2015இல் திறந்தார்கள். இப்போது பாதுகாப்பானது. தலைக்கவசம் கொடுப்பார்கள். எட்டு வயதுக்குக் கீழே அனுமதி இல்லை. பாதை ஒருவழி: வடக்கே அர்தாலேஸ் பக்கம் நுழைந்து தெற்கே எல் சோரோவில் வெளியே வர வேண்டும், மொத்தம் ஏழெட்டு கிலோமீட்டர்.

நுழைவுச்சீட்டைப் பல வாரங்களுக்கு முன்பே அதிகாரப்பூர்வ இணையதளத்தில் வாங்குங்கள். திங்கள் விடுமுறை; காற்று பலமாக இருந்தாலும் மூடிவிடுவார்கள். மாலகாவிலிருந்து எல் சோரோவுக்கு ரயில் உண்டு, ஆனால் நாளுக்குச் சில வண்டிகள்தான். முதலில் ரயில் நேரத்தைப் பார்த்து, அதற்கேற்ப நுழைவு நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். எல் சோரோ நிலையத்தில் இறங்கி இணைப்புப் பேருந்தில் மேலே போனால், நடை முடியும்போது மறுபடி அதே நிலையத்தருகே வந்துவிடுவீர்கள். பேருந்து நிறுத்தத்திலிருந்து நுழைவாயில் வரையே நல்ல தூரம் நடக்க வேண்டும், அதற்கும் அரை மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உயரம் பயம் என்றால் நெர்ஹா. பேருந்தில் ஒன்றரை மணிக்குள். 1959இல் உள்ளூர்ப் பையன்கள் கண்டுபிடித்த பிரம்மாண்டமான சுண்ணாம்புக் குகை, தெளிந்த நீருள்ள சின்னச் சின்னக் கடற்கரைகள், அங்கிருந்து சற்று மேலே வெள்ளை வீடுகளின் ஃப்ரிஹிலியானா. ரோந்தாவின் 1793ஆம் ஆண்டுப் பாலம் அழகுதான், போய்வர ஒரு முழு நாள் போகும். அந்தேகேராவின் மேங்கா கல்லறை 5000 ஆண்டுகளுக்கும் பழையது, யுனெஸ்கோ பட்டியலில் 2016இல் சேர்ந்தது. ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம், கூட்டமும் குறைவு. கிரனாதாவின் அல்ஹம்ப்ராவை ஒரே நாளில் ஓடிப்போய்ப் பார்த்துவரச் சொல்ல எனக்கு மனமில்லை. அங்கே ஒரு இரவு தங்குங்கள். அல்ஹம்ப்ராவுக்குள் இருக்கும் நஸ்ரித் மாளிகைகளுக்குக் குறித்த நேரத்தில்தான் நுழைய முடியும். சீட்டில் உள்ள பெயரைக் கடவுச்சீட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள், அன்றைக்கு மட்டும் அசலையே கொண்டு போங்கள்.

கடைசி நாள்

மாலகாவின் உலர்திராட்சை, மஸ்கட் திராட்சையில் செய்த இனிப்பு ஒயின், ஆலிவ் எண்ணெய் மூன்றும் வாங்கத் தக்கவை. திராட்சையைக் கைப்பையில் வைக்கலாம். எண்ணெயையும் ஒயினையும் துணியில் சுற்றி, அனுப்பும் பெட்டிக்குள் வையுங்கள். பாதுகாப்புச் சோதனையில் 100 மில்லிக்கு மேற்பட்ட புட்டிகளைப் பறித்துவிடுவார்கள். துபாய், தோஹா வழியாகத் திரும்புகிறவர்கள் ஷெங்கனை விட்டு வெளியேறும் கடவுச்சீட்டு வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே போய்விடுங்கள். பெட்டியை மரியா சம்ப்ரானோ நிலையத்தின் பாதுகாப்புப் பெட்டகத்தில் வைத்துவிட்டால் அதுவரை கை வீசி நடக்கலாம். அங்கிருந்தும் அதே சி1 ரயில் விமான நிலையத்துக்குப் போகிறது.